ஊர் கேட்டால் ராமநாதபுரம் என்கிறாள்

இந்த முறை பதில் எழுத எடுத்துக்கொண்டது ஒரு தாயின் கடிதம். அவர் பெயர், முகாம், மாவட்டம் ஆகியவற்றை நீக்கிவிட்டேன். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

அவருக்கு வயது 35. தமிழ்நாட்டில் உள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்றில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, அங்கேயே திருமணமும் ஆனவர். 1990இல் அவருடைய அம்மா மன்னாரிலிருந்து படகேறி ராமேஸ்வரத்தில் இறங்கியபோது இவர் வயிற்றில் இருந்திருக்கிறார். கணவர் வவுனியாவில் பிறந்தவர். ஐந்து வயதில் இங்கே வந்தார். அவர் குடும்பம் முன்பு ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தது. 1977 கலவரத்துக்குப் பிறகுதான் வன்னிக்கு இறங்கினார்கள். அதற்கும் சில தலைமுறைக்கு முன்னால் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கூலிக்குப் போனவர்கள். கணவருக்குப் பெயிண்டிங் வேலை. மகள் பதினாறு வயது, பிளஸ் ஒன். மகன் நான்காம் வகுப்பு. கூடவே அம்மம்மா.

மகள் படிப்பில் கெட்டி. பள்ளி முகாமிலிருந்து ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆறாம் வகுப்பில் அங்கே சேர்ந்த நாளிலிருந்து, யார் ஊர் கேட்டாலும் ராமநாதபுரம் என்றே சொல்லி வந்திருக்கிறாள். பஸ்ஸில் வரும்போது முகாமுக்கு முந்தைய நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருவாள். வீட்டில் ‘கதைக்கிறது’, வெளியில் ‘பேசுறது’ என்று இரண்டு பேச்சு. சில மாதங்களுக்கு முன் வகுப்பில் ஏதோ படிவம் நிரப்பும்போது, தேசியம் என்ற கட்டம் வந்ததும் ஆசிரியர் எல்லார் முன்னிலையிலும், “உனக்கு ஸ்ரீலங்கன் ரெஃப்யூஜின்னுதானே போடணும்?” என்று கேட்டுவிட்டார். நெருங்கிய தோழி, “அஞ்சு வருஷமா எங்ககிட்ட பொய் சொல்லியிருக்கே” என்று சொல்லிப் பேச்சை நிறுத்திவிட்டாள். மகள் இரண்டு வாரம் பள்ளிக்குப் போகவில்லை. இப்போது போகிறாள், ஆனால் தனியாகச் சாப்பிடுகிறாள். அப்பாவைப் பள்ளிப் பக்கம் வர விடுவதில்லை. அம்மம்மா வாய் திறந்தால் எரிந்து விழுகிறாள். ஒருநாள் இரவு, “நான் யாருன்னு யாராவது ஒருத்தர் சொல்லுங்க” என்று அழுதிருக்கிறாள்.

தாயின் கேள்விகள் இவை. இது தாழ்வு மனப்பான்மையா? அம்மம்மா ஊர்க்கதை சொல்வதை நிறுத்திவிட்டால் சரியாகுமா? கணவர் சொல்வதுபோல, யாருக்கும் தெரியாத வேறு பள்ளிக்கு மாற்றலாமா? “இங்க பிறந்தவள்தானே, பதினெட்டு ஆனதும் நீ இந்தியக் குடிமகள்” என்று மகளைத் தேற்றியிருக்கிறேன், அது உண்மைதானா? உள்ளூர்ப் பையனுக்குக் கட்டிக் கொடுத்தால் எல்லாம் தீரும் என்கிறாரே என் நாத்தனார்?

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசியில் கேட்டவற்றை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் மகள் தன்னைப் பற்றிக் கேட்கும் கேள்வியில் பாதி மனம் சம்பந்தப்பட்டது, மீதிப் பாதி காகிதம் சம்பந்தப்பட்டது. காகிதம் பற்றிப் பொய்யான ஆறுதல் சொல்லிவிட்டு, மனதுக்கு மட்டும் வைத்தியம் பார்க்க முடியாது. சட்டம் என் துறை இல்லை என்பதால் குடியுரிமை வழக்குகள் நடத்தும் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

“பதினெட்டு ஆனால் சரியாகிவிடும்”

ஆகாது. வருத்தமாக இருந்தாலும் இதை நேராகவே சொல்ல வேண்டும். 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி, 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்தியாவில் பிறந்தவர்கள், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் குடிமக்கள். 1987 ஜூலை 1 முதல் பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமக்களாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் விதி இன்னும் இறுகியது. பெற்றோர் இருவரும் குடிமக்களாக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் குடிமகனாக இருந்து மற்றவர் ‘சட்டவிரோதக் குடியேறி’ (உரிய ஆவணங்கள் இல்லாமல் நாட்டுக்குள் வந்தவர்) அல்லாதவராக இருக்க வேண்டும். நீங்கள் 1990இல் இங்கேயே பிறந்தும் குடிமகள் ஆகாததற்கு அந்த 1987 விதியே காரணம். பதினெட்டு வயது என்ற கணக்கு இந்தச் சட்டத்தின் பிறப்புக் குடியுரிமைப் பிரிவில் எங்குமே இல்லை.

முகாமில் இந்த நம்பிக்கை எப்படிப் பரவியது என்று ஊகிக்க முடிகிறது. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் வழங்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022இல் உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்ததும் பெரிய செய்தியானது. அவருக்கு அது கிடைத்ததற்குக் காரணம் பிறந்த தேதி. 1987 ஜூன் 30க்குப் பிறகு பிறந்திருந்தால் அவரும் உங்களைப் போலத்தான் நின்றிருப்பார்.

நாத்தனார் சொல்லும் வழியும் திறந்திருக்கும் கதவு இல்லை. இந்தியரை மணந்தவர் ஏழு ஆண்டுகள் இங்கே வசித்த பிறகு பதிவின் மூலம் குடியுரிமை கேட்கலாம் என்று சட்டத்தில் ஒரு பிரிவு இருப்பது உண்மை. ஆனால் சட்டவிரோதக் குடியேறி என்று கருதப்படுபவர் அந்தப் பிரிவில் விண்ணப்பிக்க முடியாது. இங்கேயே பிறந்தவரை எப்படி ‘உள்ளே வந்தவர்’ என்று சொல்லலாம் என்று கேட்டு வாதாட இடம் இருக்கிறது. இருந்தாலும் அது நீதிமன்றத்தில் நடத்த வேண்டிய வாதம், அதை நம்பிக் கல்யாணம் நிச்சயிக்க முடியாது. அப்படிப்பட்ட திருமணத்தில் பிறக்கும் குழந்தைகளுக்கும், மேலே சொன்ன 2004 விதியால், இதே சிக்கல் வரும். பதினாறு வயதுப் பெண் காதில் விழும்படி வீட்டில் இந்தப் பேச்சு நடக்கிறது என்றால் தயவுசெய்து நிறுத்துங்கள். “நீ யார் என்பதை உன் புருஷன் வந்து தீர்மானிப்பான்” என்றுதான் அது அவள் காதில் விழும்.

2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கானது. இலங்கை அதில் இல்லை. 2025 செப்டம்பரில் மத்திய அரசு வெளியிட்ட ஆணை, 2015 ஜனவரி 9 வரை தஞ்சம் புகுந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கு தந்தது. அது ஒரு நிம்மதிதான், ஆனால் அதைக் குடியுரிமை என்று எண்ணிவிடக் கூடாது.

இனி, கையில் இருக்கும் வழிகள். உங்கள் கணவர் குடும்பம் மலையகத்திலிருந்து வந்தது என்பதை நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். 1948இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களைப் பெரும்பாலும் நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் பாதிப்பாதியாகப் பங்கிட்டார்கள். மாமனாரிடம் பழைய தோட்டப் பதிவோ, இந்த ஒப்பந்தத்தின்கீழ் விண்ணப்பித்த காகிதமோ, பெட்டியின் அடியில் மக்கிக் கிடந்தாலும் தூக்கி எறியாதீர்கள். கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களைச் சேர்ந்த, இப்படி மலையக வேர் கொண்ட 65 பேர் தொடுத்த வழக்கில், அவர்கள் புதிதாக விண்ணப்பிக்கலாம், மத்திய அரசு அதைப் பரிசீலிக்க வேண்டும் என்று மதுரைக் கிளை 2019 ஜூனில் சொன்னது. நீண்ட வழிதான், முடிவும் நிச்சயமில்லை. ஆனாலும் வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டத் தகுந்தது.

இன்னொரு வழி இலங்கைப் பதிவு. இலங்கைக் குடிமக்களுக்கு வெளிநாட்டில் பிறந்த குழந்தை, அங்கே முறைப்படி பதிவு செய்தால் வம்சாவழியில் அந்நாட்டுக் குடியுரிமை பெறலாம். 2003க்குப் பிறகு தாய்வழியாகவும் இது செல்லும். நீங்களே பதிவு செய்யாதவராக இருந்தால் முதலில் உங்கள் பதிவு, பிறகு மகளுடையது. கணவர் பக்கம், இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்க இலங்கை கொண்டுவந்த 2003ஆம் ஆண்டுச் சட்டமும், இந்தியாவில் அகதிகளாக இருப்பவர்களுக்காக 2009இல் அதில் செய்த திருத்தமும் பொருந்துமா என்று பார்க்க வேண்டும். சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகம் மூலமாகச் செய்யும் வேலை இது. 1984 முதல் இயங்கும் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், அதாவது முகாமில் எல்லாரும் ஓஃபர் என்று சொல்வது, பிறப்புச் சான்றிதழில் தொடங்கி இதற்கெல்லாம் கைகொடுக்கிறது. “அங்கே பதிந்துவிட்டால் நாளைக்கே கப்பலேற்றிவிடுவார்கள்” என்ற பயம் பலருக்கு இருக்கிறது. பதிவு வேறு, திரும்பிப் போவது வேறு. இந்தியக் குடியுரிமைக்கான முயற்சியை அது எந்த வகையிலாவது பாதிக்குமா என்பதை உங்கள் காகிதங்களைப் பார்த்து வழக்கறிஞர் சொல்லட்டும். இரண்டு வழியில் எது வேண்டும் என்பதை உங்கள் மகளும் சேர்ந்து பேச வேண்டும். அவளுக்கு இன்னும் இரண்டு வருடத்தில் அந்த முடிவு சொந்தமாகப் போகிறது.

இதையெல்லாம் அவளிடம் சொன்னால் நொறுங்கிவிடுவாளே என்று நினைப்பீர்கள். அவள் பிளஸ் ஒன் படிக்கிற பெண், கையில் போனும் இருக்கிறது. பாதி உண்மை ஏற்கெனவே அவளுக்குத் தெரியும். தனக்குத் தெரிந்ததை அம்மா ஏன் மாற்றிச் சொல்கிறாள் என்ற குழப்பமும் கூடவே இருக்கும். கல்லூரிப் படிப்பு சாத்தியம், முகாமிலிருந்து பட்டதாரிகளும் பொறியாளர்களும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஓட்டும் இந்தியப் பாஸ்போர்ட்டும் இன்றைய நிலையில் இல்லை. அரசு வேலைக்குப் பெரும்பாலும் குடியுரிமையே முதல் நிபந்தனை. இப்படிப் பிரித்துச் சொல்லுங்கள். தெளிவாகத் தெரிந்த தடையோடு அவளால் மல்லுக்கட்ட முடியும்.

அது தாழ்வு மனப்பான்மையா?

இந்தச் சொல்லைக் கொஞ்சம் தள்ளிவைப்போம். ஒதுக்கப்படும் இனத்தில் பிறந்த பிள்ளைக்குத் தன்மீதே மதிப்பு இருக்காது என்று வெகுகாலம் உளவியலும் நம்பியது. அமெரிக்காவில் கென்னத், மாமி கிளார்க் தம்பதி கறுப்பினக் குழந்தைகளிடம் கறுப்பு, வெள்ளைப் பொம்மைகளைக் காட்டி எது நல்ல பொம்மை என்று கேட்டபோது, பலர் வெள்ளையைக் காட்டினார்கள். பள்ளிகளில் இனப் பாகுபாடு செல்லாது என்று 1954இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது இந்த ஆய்வும் அதில் குறிப்பிடப்பட்டது. ஆனால் பிற்காலத்தில் வளரிளம் பருவத்தினரின் சுயமதிப்பை நேராகவே அளந்து பார்த்தபோது, கறுப்பினப் பிள்ளைகள் வெள்ளையர்களைவிடக் குறைவாக இல்லை. பல ஆய்வுகளில் சற்று அதிகமாகவே இருந்தார்கள். ஜெனிஃபர் கிராக்கர், பிரெண்டா மேஜர் என்ற இருவர் 1989இல் இதற்கு விளக்கம் தந்தார்கள். ஒருவன் என்னை இழிவாகப் பேசும்போது “இது அவனுடைய பாகுபாட்டுப் புத்தி, என்னுடைய குறை இல்லை” என்று அடையாளம் காண முடிந்தால் அடி உள்ளே இறங்குவதில்லை. தன்னைப் போன்றவர்கள் பக்கத்தில் இருப்பதும் காப்பாற்றுகிறது.

உங்கள் மகளுக்கு இந்த இரண்டு பாதுகாப்புமே கிடைக்கவில்லை. காரணம், அவளால் மறைக்க முடிகிறது. தோல் நிறத்தை மறைக்க முடியாதவர்கள் ஒருவரையொருவர் தேடிக்கொள்கிறார்கள். வெளியே தெரியாத ஒன்றைச் சுமப்பவர்கள் தனியாகவே சுமக்கிறார்கள். ஹார்வர்ட் மாணவர்களிடம் நடத்தி 1998இல் வெளியான ஓர் ஆய்வில், சுயமதிப்பு குறைந்து காணப்பட்டவர்கள் இப்படி மறைக்கக்கூடிய ஒன்றை வைத்திருந்தவர்கள்தான். தன்னைப் போன்ற இன்னொருவர் அருகில் இருக்கும்போது மட்டும் அவர்கள் மனநிலை உயர்ந்தது. ஐந்து வருடம், தினமும் ஒரு நிறுத்தம் முன்னால் இறங்கி நடந்திருக்கிறாள் உங்கள் மகள். பதினோரு வயதில் தொடங்கிய காவல் வேலை அது. அவளிடம் நான் பார்ப்பது களைப்பு, கூடவே மாட்டிக்கொண்ட அவமானம். தன்னைக் கேவலமாக நினைக்கிற பெண் படிப்பில் முதலாவதாக நிற்க இவ்வளவு பாடுபட மாட்டாள் என்றும் எனக்குத் தோன்றுகிறது.

எனவே என் முதல் யோசனை, அவளுக்கு ஆட்கள் வேண்டும். பக்கத்து முகாமிலிருந்து கல்லூரிக்குப் போன அக்கா, வேலைக்குப் போன அண்ணன், இப்படி இரண்டு பேர். “நாங்கள் காலேஜில் என்ன சொன்னோம், யாரிடம் சொன்னோம், யாரிடம் சொல்லவில்லை” என்பதை அவர்கள் வாயால் கேட்கட்டும். ஆலோசகர் பத்துத் தடவை பேசுவதைவிட அது வேலை செய்யும்.

“நான் யார்” என்ற கேள்வி நோய் இல்லை. இந்த வயதில் அதைத்தான் கேட்க வேண்டும் என்று எழுதியவர் எரிக் எரிக்சன். அவர் கதையே கேட்கத் தகுந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த யூதத் தாய்க்கு ஜெர்மனியில் பிறந்தவர். யூதக் கோயிலில் அவருடைய பொன்னிற முடியைக் கேலி செய்தார்கள், பள்ளியில் யூதன் என்று கேலி செய்தார்கள். அமெரிக்கக் குடிமகன் ஆனபோதுதான் எரிக்சன் என்ற பெயரையே தனக்கு வைத்துக்கொண்டார். வளரிளம் பருவத்தின் அடையாளத் தேடலைப் பற்றி எழுத அவரைவிடத் தகுதியானவர் யார்! அவர் வழியில் வந்த ஜீன் ஃபின்னி, சிறுபான்மை இனப் பிள்ளைகளை வைத்து, முதலில் இதைப் பற்றி யோசிக்காத காலம், பிறகு தேடிக் குழம்பும் காலம், அதன்பின் ஒரு தெளிவு என்று வரிசைப்படுத்தினார். உங்கள் மகள் நடுக்கட்டத்தில் இருக்கிறாள். யாரோ பிடித்துத் தள்ளி அதில் விழுந்தாள் என்பது கொடுமை. ஆனால் அந்தக் கட்டத்தைத் தாண்டாமல் மூன்றாவது இல்லை.

வீட்டில் மூன்று பேர், மூன்று பதில்

உங்கள் கடிதத்தின்படி, அம்மம்மா “நீ மன்னார்ப் பிள்ளை” என்கிறார். கணவர் “அதெல்லாம் மற, யாரையும் நம்பாதே, வாயைத் திறக்காதே” என்கிறார். நீங்கள் “நீ இந்தியாக்காரி” என்கிறீர்கள். மூன்று பேரும் அன்பால்தான் சொல்கிறீர்கள். மூன்று பேரும் முடிந்த பதிலைக் கையில் கொடுக்கிறீர்கள், அவளுக்கோ இப்போது தேவை தகவல்.

அம்மம்மாவின் கதையை நிறுத்த வேண்டாம். நேரத்தையும் விதத்தையும் மாற்றச் சொல்லுங்கள். பிள்ளை பள்ளியிலிருந்து வந்து பையைக் கழற்றும்போதே, “எங்கட ஊரில எண்டால் இப்பிடியா” என்று தொடங்கினால் யாருக்கும் எரிச்சல்தான் வரும். இழப்பு மட்டுமே நிரம்பிய ஊரைப் பேரப்பிள்ளையால் சொந்தம் கொண்டாட முடியாது. படகையும் குண்டையும் தவிர, அங்கே அவர் பதினாறு வயதில் என்ன செய்தார், யாரோடு சண்டை போட்டார், எந்தப் பள்ளிக்கூடத்தில் எதில் தோற்றார் என்று கேட்டால் கதையின் நிறமே மாறும். கணவர் பக்கத்துக் கதை வீட்டில் பேசப்படுவதே இல்லை என்று படுகிறது. புதுக்கோட்டை, ஹட்டன், வவுனியா, ராமேஸ்வரம் என்று அந்தக் குடும்பம் நடந்த வழியை ஒரு வரைபடத்தில் மகளையே வரையச் சொல்லுங்கள். ‘வந்தேறி’ என்று யாராவது சொன்னால், தன் கொள்ளுத் தாத்தாவின் பாட்டன் இந்த மண்ணிலிருந்து போனவர் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும். சொல்வதும் சொல்லாததும் அவள் இஷ்டம். வெறுமே தெரிந்திருப்பதே ஒரு பலம்.

கணவரிடம் கொஞ்சம் கவனமாகப் பேச வேண்டியிருக்கும். அவர் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 1991இல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு முகாம்கள்மீது விழுந்த சந்தேகத்திலும், காவல்துறையின் உளவுப் பிரிவான கியூ பிராஞ்ச் விசாரணை, மாதாந்திர செக்கிங் ஆகியவற்றின் நடுவிலும்தான் அவர் பையனாக வளர்ந்தார். அவரைப் பொறுத்தவரை வாயை மூடிக்கொள்வது உயிர் பிழைக்கும் வழியாக இருந்திருக்கிறது. ஆனால் பெற்றோர் பிள்ளைகளிடம் இனம் பற்றிப் பேசும் விதங்களை ஆராய்ந்தவர்கள் ஒரு வேறுபாட்டைச் சொல்கிறார்கள். “சிலர் இப்படிப் பேசுவார்கள், அப்போது நீ இப்படிச் சமாளிக்கலாம்” என்பது தயார்படுத்துவது. “எவனையும் நம்பாதே” என்பது அவநம்பிக்கை ஊட்டுவது. முதலாவது அளவோடு இருந்தால் பிள்ளைக்கு உதவும், இரண்டாவதால் பிள்ளை ஒடுங்கிப்போகும். (கிரிக்கெட்டில் இலங்கை ஜெயித்தபோது கைதட்டிய சின்னவனை அவர் அறைந்ததாக எழுதியிருக்கிறீர்கள். பையன் எந்த அணிக்கு வேண்டுமானாலும் தட்டட்டும். அதில் அரசியல் பார்ப்பதற்கு அவனுக்கு இன்னும் காலம் இருக்கிறது.)

இரண்டு விதமாகப் பேசுகிறாளே என்ற உங்கள் கவலையை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கோயம்புத்தூரிலிருந்து சென்னைக்குப் போன பிள்ளையும் அதைச் செய்யும். தம்பியைத் திருத்துவதும் அம்மம்மாவை அதட்டுவதும்தான் பிரச்சினை. அதற்கு மட்டும் அமைதியாக, உறுதியாக, எல்லை போடுங்கள்.

பள்ளி மாற்றுவது

நான் வேண்டாம் என்பேன். பிளஸ் ஒன் நடுவில் மாறுவதில் உள்ள படிப்பு நஷ்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். தேசியம் என்ற கட்டம் அந்தப் பள்ளியிலும் இருக்கும், பிளஸ் டூவிலும் கல்லூரி விண்ணப்பத்திலும் இருக்கும். அங்கே போனால் மறுபடி முதலிலிருந்து மறைக்கத் தொடங்குவாள். ஒரே ஒரு நிலைமையில் என் பதில் மாறும். இங்கே அவளைத் தொடர்ந்து யாராவது துன்புறுத்தி, பள்ளி அதைத் தடுக்க மறுத்தால் மாற்றுங்கள். அப்போது மாற்றுவதற்குக் காரணம் அவர்களுடைய நடத்தை என்பதை அவளிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.

நீங்கள் தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள், அவள் சம்மதத்தோடு. சண்டை தேவையில்லை. மாணவர்களின் குடியுரிமை, சாதி, உதவித்தொகை விவரங்களை வகுப்பில் உரக்கக் கேட்காமல் தனியாகக் கேட்டு நிரப்ப வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். அந்த ஆசிரியர் வேண்டுமென்றே செய்தார் என்று எனக்குத் தோன்றவில்லை. அவசரத்தில் கேட்டிருப்பார். ஆனாலும் அவர் மகளிடம் தனியாக ஒரு வார்த்தை சொன்னால் பாதி பாரம் இறங்கும். 2021இல் தமிழ்நாடு அரசே ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை எடுத்துவிட்டு ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. பள்ளியும் தன் பேச்சை மாற்றிக்கொள்ளலாம் என்று அவரிடம் சொல்ல அது உங்களுக்கு உதவும்.

தோழி விஷயம் அவளுடையது. அவள் எல்லாரிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. தன்னைப் பற்றி யாரிடம் எவ்வளவு சொல்வது என்பது அவள் உரிமை. பொய் சொல்வதற்கும் சொல்லாமல் இருப்பதற்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறது. “நான் பிறந்தது இங்கேதான், அம்மம்மா மன்னார்” என்று இரண்டு வரி போதும். மேலே கேட்டால், “அது பெரிய கதை, இன்னொரு நாள்.” வீட்டில் சொல்லிப் பார்த்துக்கொண்டால் வெளியில் நாக்கு ஒட்டாது. கோபத்தில் போன அந்தத் தோழியிடம் மட்டும், “பயந்துபோய் மறைச்சேன், உன்னை ஏமாத்தணும்னு இல்ல” என்று ஒருமுறை சொல்லிப் பார்க்கலாம். ஐந்து வருட நட்பு, முயற்சி செய்து பார்க்க வேண்டாமா?

எதற்குக் காத்திருக்கக் கூடாது

இரண்டு மூன்று வாரம் தாண்டியும் தூக்கம், சாப்பாடு சரியாகாவிட்டால், பிடித்த எதிலும் ஆர்வம் இல்லாவிட்டால், மதிப்பெண் சட்டென்று இறங்கினால், “நான் இல்லாம இருந்தா நல்லது” என்ற மாதிரி ஒரு வார்த்தை வந்தாலோ கையில் கீறல் தெரிந்தாலோ, அடையாளம் பற்றிய பேச்சை ஒதுக்கிவைத்துவிட்டு உடனே மருத்துவ உதவி தேடுங்கள். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் எண் 14416, எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம், குடியுரிமை கேட்க மாட்டார்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. சாகிற எண்ணம் இருக்கிறதா என்று அவளிடம் நேராகவே கேட்கலாம். கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்பது தவறான பயம்.

கடைசியாக, இந்தப் பதிலை மகளிடம் காட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். காட்டுங்கள். ஆனால் அதற்கு முன், பதினெட்டு வயது பற்றி நீங்கள் சொன்னது சரியில்லை என்று உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள், அதை என்னிடமிருந்து அவள் தெரிந்துகொள்ள வேண்டாம். படித்துவிட்டு அவளுக்கு மாற்றுக் கருத்து இருந்தால், அல்லது நான் அவளைத் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால், அவளே எழுதட்டும். பெயரும் ஊரும் வெளியே வராது. அவள் கேட்டுக்கொண்டால் கடிதத்தையே வெளியிடாமல் அவளுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.